கைதூக்க ஒரு ஆள்

பஸ் யன்னல் திரையை இழுத்து விட்டது நான்தான் அண்ணை. காற்று வேணும் என்றால் சொல்லுங்கோ, ஓரமாகக் கொஞ்சம் விலக்கி விடுகிறேன். முழுக்க வேண்டாம். வெயில் முகத்தில் பட்டால் இவனுக்குக் கண் கூசும், எழும்பிவிடுவான்.

ஓம், என் தம்பி. மெல்ரன். பேர் கேள்விப்பட்டிருப்பீங்கள். இல்லையோ? அப்ப நீங்கள் உதைபந்தாட்டம் பார்க்கிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் கல்லூரி ஆட்டம் பார்க்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். சங்குத்துறைக் கல்லூரி, பின்வரிசை, மெல்ரன். மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தால் மற்றப் பொடியங்கள் துள்ளுவாங்கள், இவன் எழும்புவான். துள்ளுறது வேறை, எழும்புறது வேறை. மேலே போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று ஆறுதலாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகு தலையால் ஒரு இடி. பந்து வலைக்குள் கிடக்கும். கோல் காக்கிறவன் இன்னும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் கிளமன்ற். நான் விளையாடுகிறதில்லை. நான் அடிக்கிற ஆள். பயப்படாதேங்கோ, பீப்பா அடிக்கிற ஆள்.

எங்கள் ஊர் கரைவலை ஊர் அண்ணை. வலை கனத்துப்போய்க் கடலுக்குள் நின்றுவிட்டால் கரையில் நிற்கிறவர்கள் அம்பா பாடித்தான் இழுப்பார்கள். ஒருத்தர் சொல்ல மற்றவர்கள் வாங்கிச் சொல்லுவார்கள். முதலில் மெதுவாக. வலை அசையத் தொடங்கினதும் கெதியாக. அந்தப் பாட்டை ஆரோ ஒருத்தர் மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கட பொடியன் ஒருத்தன் விழுந்தால் சனம் முழுக்கக் கை தட்டி அம்பா பாடும். வலையை இழுக்கிற மாதிரி ஆளை இழுக்கிறது. அதற்குப் பேர் எழுப்பு. என் வேலை அதற்குத் தாளம். மீனும் ஐசும் போடுகிற நீலப் பீப்பா இருக்கெல்லோ, அதைக் கவிழ்த்து வைத்து இரண்டு மரக்கட்டையால் அடித்தால் பக்கத்து ஊருக்கும் கேட்கும்.

எழுப்புப் பாடியும் எழும்பாத பொடியன் எங்கள் கல்லூரியில் இல்லை. கால் முறிந்தவன்கூட எழும்பி நின்றுவிட்டுத்தான் திரும்ப விழுந்தவன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இந்த வருசம் சட்டம் கொண்டுவந்தார்கள். போட்டிக் குழுவின் புதுச் சட்டம். தலையில் அடிபட்டால் உடனே வெளியே. அன்றைக்குத் திரும்ப உள்ளே வர முடியாது. டொக்டர் சரியென்று சொல்லும் மட்டும் அடுத்த ஆட்டமும் இல்லை. இதைப் பார்க்கிறதுக்கென்று மைதானக் கோட்டுக்கு வெளியே மஞ்சள் மேற்சட்டை போட்டு ஒரு அக்காவை இருத்தினார்கள். சுகந்தினி என்று பேர். நாங்கள் மஞ்சள் அக்கா என்போம். கையில் ஒரு பை, கழுத்தில் ஒரு விசில். அவ விசில் ஊதினால் மத்தியஸ்தரும் நிற்கவேணும்.

சனம் விடுமோ? முதல் ஆட்டத்திலேயே தொடங்கிவிட்டது. "அக்கா, எனக்கும் காலமை தொட்டுத் தலையிடி, ஒருக்கா வந்து பாருங்கோ." "அக்கா, மெல்ரன் தலையாலை இடிச்சால் பந்துக்குத்தான் மருந்து போடவேணும், பையிலை இருக்கோ?" மற்றப் பக்கத்துச் சனம் சும்மா இருக்குமோ. "சங்குத்துறைக்கு இந்தச் சட்டம் செல்லாது, அடிபடுறதுக்கு அங்கை ஒருத்தனுக்கும் தலையில்லை" என்று கத்தினார்கள். அக்கா ஒன்றுக்கும் திரும்பவில்லை. பந்து எங்கே போனாலும் அவ பந்தைப் பார்க்கவில்லை, பொடியங்களின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டம் பார்க்கத் தெரியாத மனுசி.

எங்கள் ஆதரவாளர் சங்கத்துக்குத் தலைவர் சில்வெஸ்ரர் அண்ணை. சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார், குரல் அந்த இரண்டு வள்ளத்தையும் விடப் பெரிசு. அவர் சொன்னார், "பந்து பட்டால் வெளியே, முட்டினால் வெளியே. இனிப் பதினொரு தலைகணியை இறக்கிவிடுங்கோடா, அதுகள் விளையாடட்டும்." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினார்கள், தாங்கள் விளையாடின காலத்தில் மண்டை பிளந்தும் விளையாடினதாம், இன்றைக்கு அங்கே பெரிய பெரிய வேலையில் இருக்கினமாம். அதில் ஒருத்தர் ஒரே கதையை ஒரே பதிவில் இரண்டு தரம் சொன்னார். வயது போனால் அப்படித்தானே.

நான் சத்தமாகக் கதைக்கிற ஆள் இல்லை அண்ணை. நீங்களே பார்க்கிறீங்கள், பஸ் இரைச்சலில் நான் சொல்லுறது உங்களுக்குப் பாதிதான் கேட்கும். ஆனால் போட்டிக் குழுவின் வாசலில் போய் நின்ற அன்றைக்கு, எங்கேயிருந்து வந்ததோ தெரியாது, பீப்பாவை அடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன்: "தலை எங்கட தலை, தீர்ப்பும் எங்கட தீர்ப்பு." அவ்வளவு பேரும் அதையே வாங்கிச் சொன்னார்கள். அம்பா மாதிரியே வந்தது. தெருவில் போன முச்சக்கரவண்டிக்காரன்கூட நிறுத்தி இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து செயலாளர் வந்தார். வயதான மனுசன், கோபப்படவில்லை.

"தம்பி, உம்மட பேர் என்ன?"

"கிளமன்ற்."

"சரி கிளமன்ற். தலை உங்கட தலைதான். ஒரு டொக்டர் ஓம் எண்டு சொல்லி, வீட்டுக்காரர் ஒருத்தரும் ஓம் எண்டு சொன்னால் நாங்கள் மறிக்கேல்லை. ஆனால் வீட்டுக்காரர் கடிதம் குடுத்து அனுப்ப ஏலாது. நேரை வரவேணும். ஆட்டம் துவங்க முதல் கோட்டுக்குள்ள வந்து, ரெண்டு பக்கச் சனமும் பாக்க, பொடியனுக்குப் பக்கத்திலை நிண்டு கையைத் தூக்கவேணும். சரியோ?"

கைதானே. இதில் என்ன இருக்கு என்று நினைத்தோம். சில்வெஸ்ரர் அண்ணை என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சந்தி மட்டும் நடந்தார். அது எங்கள் வெற்றி அண்ணை. அதை எவரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு ஒன்றிரண்டு ஆட்டத்தில் கை தூக்கினார்கள். எங்கட ஆட்டம் இல்லை, வேறு கல்லூரிகள். ஒரு பொடியனுடைய அப்பா வந்து இரண்டு கையையும் தூக்கினார், சனம் விசிலடித்தது. பிறகு பனைமுனைக் கல்லூரிப் பொடியன் ஒருத்தன். அவனுடைய அம்மா வந்தா. மீன் சந்தையில் இருந்து நேரே வந்திருக்கிறா போல, சீலையை இடுப்பில் செருகினபடி. கோட்டுக்குள் வந்து மகனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. சனம் முழுக்க "கை, கை, கை" என்று கத்துது. அந்த மனுசி குனிந்து அவனுடைய சப்பாத்தைக் கழற்றினா. அவ்வளவு சனத்துக்கு நடுவில் வளர்ந்த பொடியன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இரண்டு சப்பாத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போயிட்டா.

கூவினோம். அவர்களுடைய சனமும் கூவினது, பீப்பாவும் கையுமாகப் பார்க்கப் போயிருந்த எங்கட சனமும் கூவினது, நானும்தான். பீப்பாவில் வேறு ஒரு தாளம் அடித்தேன், நடையைக் கேலி பண்ணுகிற தாளம். விசர் மனுசி. அன்றைக்குப் பிறகு அந்தப் பொடியனை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சப்பாத்து என்றுதான். கடைக்குப் போனாலும் சப்பாத்து. கோவிலில் பூசைக்கு நின்றாலும் பின்வாங்கிலிருந்து மெதுவாக, "சப்பாத்து." பள்ளிக்கூடத்தையும் மாற்றிப் போட்டார்கள் என்று கேள்வி.

கொஞ்சம் பொறுங்கோ, போன் அடிக்குது. சில்வெஸ்ரர் அண்ணைதான். காலமையிலிருந்து அடிக்கிறார். பிறகு எடுக்கலாம். இந்தக் கையை எடுத்தால் இவன் தலை சரிந்துவிடும்.

அரையிறுதியைச் சொல்லவேணும் உங்களுக்கு. அந்த ஆட்டம் பார்க்காதவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பனைமுனையோடுதான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மூலையிலிருந்து பந்து வருகிறது. மெல்ரன் எழும்புகிறான். அவர்களுடைய கோல் காக்கிறவனும் வருகிறான், முழங்கையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு. சத்தம் கேட்டது அண்ணை. தேங்காயைச் சீமெந்தில் போட்ட மாதிரி. மெல்ரன் விழுந்தான், விழுகிறபோது கையை ஊன்றவில்லை. ஆள் விழுந்தால் கையை ஊன்றத்தானே வேணும். சாக்கு மாதிரி விழுந்தான்.

மைதானம் முழுக்கச் சத்தமில்லை. மஞ்சள் அக்கா விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டா.

நான் அடித்தேன். முதலில் மெதுவாகத்தான் அடிக்கவேணும், வழமை அப்படித்தான், ஆனால் அக்கா ஓடி வருகிறாவே. எடுத்த எடுப்பில் கெதியாக அடித்தேன். சனம் பிடித்துக்கொண்டது. அந்த மாதிரி ஒரு எழுப்பு எங்கள் ஊரில் ஒருநாளும் பாடினதில்லை, அக்காவின் விசில்கூட அதற்குள் கேட்கவில்லை. மெல்ரனுடைய ஒரு முழங்கால் மடிந்தது. பிறகு மற்றக் கால். கையை ஊன்றினான். எழும்பி நின்றான். நின்றுவிட்டான் அண்ணை. மத்தியஸ்தர் பார்த்தார், ஆள் நிற்கிறான், ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். அக்கா பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தா. மெல்ரனை இல்லை, என்னை. என்ன பார்வை அது. தோற்ற ஆத்திரம்.

கடைசியில் திரும்ப மூலைப்பந்து. திரும்ப மெல்ரன். கோல். அதோடு ஆட்டம் முடிஞ்சுது.

அந்தக் கோலை நான் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இறங்கிறதுக்கு முன்னம் காட்டுகிறேன் உங்களுக்கு. மெல்ரனுக்கும் காட்டினேன், அடுத்த நாள். வடிவாகப் பார்த்துவிட்டு, "ஆர் அண்ணா அது, நல்லா அடிக்கிறான்" என்றான். பகிடி. சின்னனிலிருந்தே அவன் பகிடிக்காரன். நான் சிரித்தேன். அவன் சிரிக்காமல் இருந்தான், அதுதான் பகிடிக்காரரின் கெட்டித்தனம்.

ஆட்டம் முடிந்ததும் பனைமுனைக்காரரின் பஸ்ஸில் போய் ஏறி இருந்தான். அதற்கும் எல்லாரும் சிரித்தோம். சில்வெஸ்ரர் அண்ணை போய், "டேய், வெண்டது நாங்களடா, நீ அவங்களோட போய் அழப்போறியே" என்று இறக்கிக்கொண்டு வந்தார். இறங்கினவன் பஸ் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து சத்தி எடுத்தான். வெயில். அன்றைக்கு நல்ல வெயில். ஆனால் அக்கா அதைக் கண்டுவிட்டா. உடனே போய்ச் செயலாளரிடம் சொல்லி, டொக்டரும் வீட்டுக்காரரும் இல்லாமல் மெல்ரன் இறுதி ஆட்டம் ஆட ஏலாது என்று நிறுத்திப்போட்டா. எவ்வளவு வன்மம் பாருங்கோ.

அதற்குப் பிறகு இவனுக்குக் கொஞ்சம் களைப்பு. வேறொன்றும் இல்லை. விளக்குப் போட்டால் அணைக்கச் சொல்லுவான். சோதனை வருகிறது, படிக்கிறதாலை கண்ணுக்கு வேலை கூட. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுக் குடித்தான், முழுக்கக் குடித்தான், ருசி தெரியவில்லை. தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கும். வீட்டில் நான் மேசையில் விரலால் தாளம் போட்டால் எழும்பி வெளியே போய்விடுவான். போய் வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்து காதைப் பொத்திக்கொண்டிருப்பான். அது எனக்கும் விளங்கவில்லை. இந்தத் தாளம் கேட்டு வளர்ந்த பொடியன். நாவூறு, ஆரோ கண் வைத்துவிட்டினம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. இருக்கும். அவ்வளவு சனம் பார்த்தது. செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். நெடி வரவில்லை, நாவூறுதான்.

என்ன கேட்டீங்கள்? ஸ்கானோ? நீங்களும் மஞ்சள் அக்கா மாதிரிக் கதைக்கிறீங்கள் அண்ணை. ஊரில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். சின்ன ஆள், இப்பதான் படித்துவிட்டு வந்திருக்கிறார். மெல்ரனிடம், "தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். இவன் என்னைப் பார்த்தான். நான் வாயசைத்தேன். அவன் சரியாகச் சொன்னான். டொக்டர் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். பிறகு கூப்பிட்டு, உடனே ஸ்கான் எடுக்கவேணும், விளையாட்டை இந்த வருசம் மறந்துவிடுங்கோ, இன்னொரு அடி பட்டால் நான் பொறுப்பில்லை என்றார். அவர் பொறுப்பு என்று இப்ப ஆர் சொன்னது? வீட்டுக்காரர்தானே பொறுப்பு. சட்டமே அப்படித்தான்.

சில்வெஸ்ரர் அண்ணைதான் வழி சொன்னார். ஆலடிச் சந்தியில் ஒரு டொக்டர் இருக்கிறாராம், எங்கள் பழைய மாணவர் ஒருத்தரின் மச்சான். போனில் கதைத்தாச்சாம். போய் முகத்தைக் காட்டினால் போதும், விளையாடலாம் என்று துண்டு எழுதித் தருவாராம். அதற்குத்தான் இந்தப் பயணம். வவுனியாவுக்கு முதல் இறங்கவேணும்.

துண்டு ஒரு பிரச்சினை இல்லை. மற்றது இருக்கெல்லோ. கை.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை அண்ணை. இந்த றோட்டுக்குக் கிழக்காலை, வன்னியில், அந்தக் கடைசி மாதங்களில். அதை விடுங்கோ. இவன் கையில் தூக்குகிற பிள்ளையும் இல்லை, ஓடுகிற பிள்ளையும் இல்லை, இடைநடுவான வயது. நானும் சின்னப் பொடியன். எனக்குத் தூக்கவும் ஏலாது. ஒரு இடத்தில் இவன் விழுந்துவிட்டான். மணலுக்குள் முகம் புதைந்து கிடந்தான். எழும்படா, எழும்படா, எழும்படா என்று சொன்னேன். கையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். எழும்பினான். பக்கத்தில் எழும்பாமல் கிடந்த பிள்ளைகளும் இருந்தவை. இவன் எழும்பினான், அதாலைதான் இன்றைக்கு இந்தத் தோளில் சாய்ந்து படுத்திருக்கிறான். அப்ப சொல்லுங்கோ, விழுந்தவன் கிடக்கவேணும் என்று ஒரு சட்டம் வந்தால் எனக்குக் கோபம் வருமோ வராதோ?

ஆக, வீட்டுக்காரர் என்றால் நான்தான். வேறு ஆள் இல்லை. வாசலில் நின்று கத்துகிறபோது எனக்கு இது தோன்றவேயில்லை பாருங்கோ. வீட்டுக்காரர் என்றால் வேறு ஆரோ, அப்பாமார், அம்மாமார் என்றுதான் நினைத்தேன்.

இது அந்தச் செயலாளர் வைத்த பொறி. என் பேரைக் கேட்டாரே, அப்பவே யோசித்திருக்கவேணும்.

ஊருக்கு வந்து பார்த்தீங்கள் என்றால் தெரியும். சந்தியில் மெல்ரனுடைய படம் போட்டுப் பதாகை கட்டியிருக்கினம், ஒரு வீட்டு உயரம். அதுக்குக் கீழாலை போய்த்தான் நான் பாண் வாங்கவேணும். லண்டனில் இருந்து ஒருத்தர் இந்த ஆட்டத்துக்கென்றே வந்து இறங்கிவிட்டார். போகிற இடமெல்லாம், "கிளமன், கை எப்பிடி, சுளுக்குக் கிளுக்கு இல்லையே" என்று கேட்டுச் சிரிக்கினம். பகிடிக்குத்தான். சில்வெஸ்ரர் அண்ணை சொன்னார், "நீ கையைத் தூக்கினால் ஊரே தூக்கின மாதிரியடா." நான் கேட்டேன், "தூக்காட்டி?" அவர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், நானும் சிரித்துவிட்டேன்.

இவனைக் கேட்டேன். கேட்காமல் இல்லை. "நீ என்னடா சொல்லுறாய், விளையாடுறியோ?" என்று கேட்டேன். "நீ சொன்னால் விளையாடுறன் அண்ணா" என்றான். எப்பவும் அப்படித்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. தலை அவனுடைய தலை, தீர்ப்பை அவனிடமும் கேட்க முடியாமல் போச்சு பாருங்கோ, அதையும் என் கையில் தந்துவிட்டான்.

நேற்று காலமை வள்ளத்தடியில் இருந்தவன், நான் போய்ப் பக்கத்தில் இருந்ததும் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். "அண்ணா, இந்த முறை நான் விழுந்தால் பீப்பா அடியாதை. கொஞ்ச நேரம் படுத்திருக்கிறன்."

நான், "விழமாட்டாய்" என்றேன்.

"விழுந்தால்."

"விழமாட்டாய் எண்டு சொல்லுறன்."

சரி என்றான். பிறகு கொஞ்சம் கழித்து, "அண்ணா, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். அந்த டொக்டரைப் பகிடி பண்ணுகிறான். எனக்கு நல்லாகச் சிரிப்பு வந்தது. அதுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் ஏதோ தடிமன்தான்.

அண்ணை, நீங்கள் வவுனியாவில் என்ன அலுவலாகப் போறீங்கள்? அவசரமோ? கேட்கிறேன் என்று குறை நினைக்காதேங்கோ. சனிக்கிழமை இறுதி ஆட்டம், உங்களுக்கு நேரம் இருக்குமோ? உங்களைப் பார்க்க நல்ல மதிப்பான ஆளாக இருக்கிறீங்கள். உயரமும் இருக்கு. எங்கட அம்மாவின் ஒன்றைவிட்ட தம்பி என்று சொன்னால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டினம், அம்மாவின் ஆக்களை இப்ப அங்கே ஆருக்குத் தெரியும். நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன், திரும்பக் கொண்டுவந்தும் விடுவேன். ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. கோட்டுக்குள் வந்து இவனுக்குப் பக்கத்தில் நின்று கையை ஒருக்காத் தூக்கினால் போதும். இவ்வளவு உயரம், இந்தத் தோள் மட்டம் வந்தாலே காணும்.

இல்லை, எனக்கு ஏலாமல் இல்லை. எனக்குப் பீப்பா இருக்கு அண்ணை. நான் கோட்டுக்குள் போய் நின்றால் பீப்பாவை ஆர் பார்க்கிறது? அதுதான் விசயம். வேறு ஒன்றும் இல்லை.

சரி. பரவாயில்லை. அப்படிப் பார்க்காதேங்கோ. சும்மா கேட்டுப் பார்த்தேன். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கோ? ம். இருக்கும் என்று நினைத்தேன்.

தண்ணி குடிக்கிறீங்களோ? இவனுக்கென்று கொண்டுவந்தது, இவன் குடிக்கமாட்டான், குடித்தால் வெளியே வருகிறது. பஸ் ஆட்டம்.

கொண்டக்டர் என்ன சொல்லுகிறான்? ஆலடிச் சந்தியோ? அதுக்குள்ளேயோ?

இல்லை அண்ணை, நீங்கள் ஏன் எழும்பிறீங்கள். இருங்கோ. வழி விட வேண்டாம், இருங்கோ. இவன் இப்பதான் கண் அயர்ந்து கிடக்கிறான். கேட்டுப் பாருங்கோ, மூச்சு ஒரு சீராக வருகுது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு இப்படி ஒரு நித்திரை இவன் கொள்ளவில்லை. துடித்துத் துடித்து எழும்புவான். இப்ப தட்டினால் எழும்பிவிடுவான் அண்ணை, அதுதான் பிரச்சினை, இவன் ஒரு தட்டுக்கே எழும்பிவிடுவான்.

இறங்கத்தான் வேணும். இறங்காமல் என்ன செய்யிறது. அடுத்த தரிப்பில் இறங்கி மற்றப் பக்கத்து பஸ் எடுத்துத் திரும்பி வரலாம். டொக்டர் எங்கே போகப் போறார். அதுக்கடுத்த தரிப்பு என்றாலும் பரவாயில்லை.

எடுத்துவிட்டான். பஸ் போகுது.

திரும்பவும் போன் அடிக்குது பாருங்கோ. சில்வெஸ்ரர் அண்ணை. இறங்கியாச்சோ என்று கேட்கப் போறார். அண்ணை, ஒரு சின்ன உதவி. கை தூக்கச் சொல்லவில்லை. இந்தாங்கோ, இதை நீங்கள் எடுங்கோ. எடுத்து, பக்கத்து இருக்கையில் இருக்கிற ஆள் கதைக்கிறேன், இந்தப் பொடியங்கள் இரண்டு பேரும் நல்ல நித்திரை என்று சொல்லுங்கோ. சந்தி வந்தபோது தட்டிப் பார்த்தேன், கூப்பிட்டும் பார்த்தேன் என்று சொல்லுங்கோ. தம்பியும் எழும்பவில்லை, தமையனும் எழும்பவில்லை.